கேட்கக் கற்றுக்கொண்ட கம்பிவடம்: வீட்டு இணையம் இயங்கும் முறை



நம் வீவக வீடுகள் பலவற்றின் வரவேற்பறைச் சுவரில், தொலைக்காட்சிக்குப் பின்னால், சிறிய வட்டமான செருகுவாய் ஒன்று இன்றும் இருக்கிறது. மாணவர்கள் பலர் அது எதற்கென்று அறியாமலே வளர்ந்திருப்பீர்கள். 1999-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2019 செப்டம்பர் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்நாட்டு இல்லங்களுக்குள் இணையம் நுழைந்த வாயில்களுள் அதுவும் ஒன்று. அந்த வாயில் வழியாக இணையம் எவ்வாறு வந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

மூடப்பட்ட சேவையைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். அமெரிக்காவில் வீட்டு இணைய இணைப்புகளில் பெரும்பங்கு இன்னும் கம்பிவடத்தின் வழியாகவே செல்கிறது; ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அது வழக்கில் உள்ளது. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இப்போது நம் வீடுகளுக்குள் வந்திருக்கும் ஒளியிழையும், கம்பிவடம் பட்டுத் தேறிய பாடங்களைப் பின்பற்றியே இயங்குகிறது. விளம்பரங்கள் கூறும் வேக எண்களுக்கு என்ன பொருள்? மாலை வேளையில் மட்டும் இணைப்பு தளர்வது ஏன்? திரைப்படம் தங்குதடையின்றி ஓடும் அதே இணைப்பில், பிள்ளை ஆசிரியருக்கு முகங்காட்டிப் பேசும்போது மட்டும் குரல் அறுந்துபோவது ஏன்? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை அந்தக் கம்பியின் பிறப்பிலே இருக்கிறது.

மொழி வளர்க்கும் மேடையில் நிற்பதால், சொல்லைப் பற்றி முதலில் ஒன்று கூறிவிடுகிறேன். 'இணையம்' என்னும் சொல்லை நமக்குத் தந்தவர் சிங்கப்பூர் எழுத்தாளரும், தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவருமான நா. கோவிந்தசாமி. 1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய முயற்சியில் தமிழ்ப் பக்கங்களை உருவாக்கியவர் அவரே. அவர் 1999 மே மாதம் மறைந்தார். கம்பிவட இணையம் இங்கு வீடுகளுக்கு வந்தது அதே ஆண்டின் இறுதியில். அவர் கண்ட தமிழ் இணையம் தொலைபேசிக் கம்பி வழியே, நொடிக்குச் சில பத்துக் கிலோபிட் வேகத்தில், ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் நிதானத்தில் வந்த இணையம். ஆயினும் அவர் தேர்ந்த சொல் மிகப் பொருத்தமானது. இணைதல் என்பது இரு தரப்புக்கும் உரிய வினை. கம்பிவடத்துக்கோ பிறக்கும்போது ஒரு தரப்பு மட்டுமே இருந்தது. நம் கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

கம்பிவடம் தொலைக்காட்சிக்காகப் பிறந்தது. 1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்னும் சிறு துறைமுக நகரில் வானொலி நிலையம் நடத்திவந்தவர் எட் பார்சன்ஸ். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டில் நகரில் அவ்வாண்டு தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. இடையிலே மலைகள். அலைகள் எங்கே வந்து விழுகின்றன என்று ஊரெங்கும் தேடிய பார்சன்ஸ், ஒரு தங்குவிடுதியின் கூரைமீது அலைவாங்கியை நிறுத்தி, அங்கிருந்து தம் வீட்டுக்குக் கம்பி இழுத்தார். படம் தெரிந்தது. அண்டை அயலாரும் கடைக்காரர்களும் தமக்கும் ஒரு கிளை வேண்டுமென்று கேட்க, கம்பி தெருத்தெருவாகக் கிளைத்தது. அதே காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்து மலையூர்களிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. யார் முதல்வர் என்பதில் அமெரிக்கர்களுக்குள் வழக்கு உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது அவ்வமைப்பின் வடிவம். ஒரு வேர், சில கிளைகள், எண்ணற்ற இலைகள். வேரிலே வாங்கியதை இலைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் தொழில். இலை வேரிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்த பெட்டிக்குக் காது உண்டு, வாய் இல்லை. தலைமை நிலையத்துக்கோ வாய் உண்டு, காது இல்லை.

சிங்கப்பூரில் 1995-இல் கம்பிவடம் பதிக்கத் தொடங்கிய சிங்கப்பூர் கேபிள் விஷன் நிறுவனம், 1999-க்குள் நாடு முழுவதும் அப்பணியை முடித்தது. அந்நிறுவனம் 2002-இல் ஸ்டார்ஹப்போடு இணைந்தது. பிந்திப் பதித்ததால் நமக்கொரு நன்மை உண்டாயிற்று. அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

கம்பியின் உள்ளமைப்பு எளியது. நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி வெண்ணிறக் காப்புப்பொருள். அதன்மேல் உலோகத் தாளும் பின்னலுமாக ஓர் உறை. வெளியே நெகிழித் தோல். நடுக்கம்பிக்கும் உலோக உறைக்கும் அச்சு ஒன்றே என்பதால் இதனை ஓரச்சு வடம் என்கிறோம். மின்னலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் அடைபட்டு ஓடுகிறது. உள்ளிருப்பது வெளியே கசியாது; வெளியிரைச்சல் உள்ளே புகாது. ஏட்டில் அப்படித்தான். நடைமுறை வேறு.

ஓடும் தொலைவு கூடக் கூட அலை தேய்கிறது; அதிர்வெண் உயர்ந்த அலை இன்னும் விரைவாகத் தேய்கிறது. ஆகையால் சில நூறு மீட்டருக்கு ஒரு பெருக்கி வைக்கப்பட்டது. பெருக்கியோ படத்தோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக இருபது முப்பது பெருக்கிகளைக் கடந்த படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அதனால் தலைமை நிலையத்திலிருந்து குடியிருப்பு வட்டாரம்வரை கண்ணாடியாலான ஒளியிழையைக் கொண்டுவந்து, அங்கே ஒளியை மின்னலையாக மாற்றி, எஞ்சிய தொலைவுக்கு மட்டும் ஓரச்சு வடத்தைப் பயன்படுத்தும் கலப்பு முறை 1990-களில் பரவியது. ஒளி மின்னலையாக மாறும் அந்தப் பெட்டிக்குக் 'கணு' என்று பெயரிடலாம். கரும்பின் கணுவைப் போலவே, வளர்ச்சி முழுதும் அவ்விடத்திலிருந்தே கிளைக்கிறது. ஒரு கணுவின்கீழ்ச் சில நூறு வீடுகளும் இருக்கலாம், இரண்டாயிரம் வீடுகளும் இருக்கலாம். சிங்கப்பூர் பிந்திப் பதித்ததன் நன்மை இதுதான்: கலப்பு முறை முதிர்ந்த பிறகே இங்குப் பணி நடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அது பொருந்தியும் வந்தது. ஒளியிழை வந்து முடியும் இடத்துக்கும் பதின்மூன்றாம் மாடி வீட்டுக்கும் இடையே நீண்ட தெருக்கள் இல்லை.

கம்பிக்குள் ஓடும் அலைகளைப் புத்தக அலமாரியின் தட்டுகளாகக் கருதுங்கள். ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு தட்டும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம், அமெரிக்காவில் 6. ஒரு தட்டில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. இணையம் வந்தபோது அதற்கெனப் புதிய அலமாரி செய்யவில்லை; ஒரு தட்டைக் காலிசெய்து கொடுத்தார்கள். அந்தத் தட்டில் எவ்வளவு அடங்கும்? அலையின் உயரத்தையும் அது தொடங்கும் கட்டத்தையும் மாற்றி மாற்றி 256 வேறுபட்ட நிலைகளை உண்டாக்கலாம். 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு. ஆகவே ஒவ்வொரு நிலையும் எட்டுப் பிட்டுகளைச் சுமக்கிறது. 8 மெகாஹெர்ட்ஸ் தட்டில் நொடிக்கு ஏறத்தாழ 69.5 இலட்சம் முறை நிலையை மாற்றலாம். பெருக்கிப் பாருங்கள்: ஐந்தரைக் கோடிப் பிட்டுகளுக்குச் சற்று மேல். பிழை திருத்துவதற்கு ஒதுக்கியது போக, நொடிக்கு 50 மெகாபிட் அளவில் கைக்கு வரும். மாணவர்கள் கணக்குப் புத்தகத்தில் காணும் அடுக்குக்குறிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

தொடக்கத்தில் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தம் மோடெத்தைத் தம் போக்கில் செய்தனர். 1997 மார்ச்சில் கேபிள்லேப்ஸ் என்னும் கம்பிவடத் தொழில்துறையின் ஆய்வமைப்பு, எல்லாருக்கும் பொதுவான 'டாக்சிஸ்' விதிமுறையை வெளியிட்டது. எந்த மோடெமும் எந்த வலையமைப்பிலும் இயங்கும் நிலை அதன்பின் உருவாயிற்று.

தலைமை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழி இவ்வளவுதான். அது பழைய தொழிலே. படத்துக்குப் பதில் பிட்டு. இனி வருவதுதான் கடினமான பகுதி. வீடு எப்படிப் பேசும்?

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்க விரலால் தட்டும்போது, அந்த வேண்டுகோள் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தலைமை நிலையத்தை அடைய வேண்டும். கம்பி ஒன்றே, பெருக்கிகளோ ஒருவழிப் பெருக்கிகள். ஆகவே ஒவ்வொரு பெருக்கிக்குள்ளும் வடிகட்டிகளை வைத்து, அலமாரியின் அடித்தட்டை மட்டும் எதிர்த்திசைக்கு ஒதுக்கினார்கள். ஐரோப்பிய முறையில் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்க முறையில் 5 முதல் 42 வரை. நம்மை நோக்கி வரும் திசைக்கோ 108 முதல் 862 வரை. கழித்துப் பாருங்கள்: போக 60, வர 754. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பதிவிறக்கம் விரைவாகவும் பதிவேற்றம் மெதுவாகவும் இருப்பதை நிறுவனத்தாரின் கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உண்டு. விலைப்பட்டியலில் அதற்கும் சிறிது இடம் இருக்கலாம். ஆயினும் பெருங்காரணம் இந்த 60-க்கும் 754-க்கும் இடையே கிடக்கிறது. நம் முன்னோர் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கருவிக்கும் 'ஏற்றம்' என்றே பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கீழிருந்து மேலே அனுப்புவது என்றுமே உழைப்புத்தான்.

அடித்தட்டை ஏன் தேர்ந்தார்கள்? சிறந்த இடம் என்பதாலன்று. தொலைக்காட்சி அலைவரிசைகள் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கின. அதற்குக் கீழே இருந்த இடம் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடந்ததற்கும் காரணம் உண்டு. சிற்றலை வானொலிகள் அங்கேதான் ஒலிக்கின்றன. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, மட்டமான மின்னேற்றி என வீட்டுக் கருவிகள் எழுப்பும் மின்னிரைச்சலும் அப்பகுதியிலேயே மிகுதி. வீட்டுக்குள் சரியாகத் திருகப்படாத ஒரு முனை, நசுங்கிய ஒரு வடம், எதனோடும் இணைக்காமல் திறந்து விட்ட ஒரு செருகுவாய் ஆகியவை போதும். அவ்விரைச்சல் கம்பிக்குள் புகுந்துவிடும்.

இங்கேதான் மரத்தின் வடிவம் எதிரியாகிறது. வேரிலிருந்து இலைக்குப் போகும்போது பிரிந்து போவது, இலையிலிருந்து வேருக்கு வரும்போது ஒன்றுசேர்கிறது. பழைய அடுக்குமாடிகளில் எல்லா மாடிக்கும் பொதுவாகக் குப்பை விழும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாடியில் ஒருவர் கட்டாமல் கொட்டியதற்கு மற்ற மாடியினரும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதுபோல, ஐந்நூறு வீடுகளில் ஒரு வீட்டின் தளர்ந்த முனை வழியே புகுந்த இரைச்சல், கணுவிலே வந்து மற்ற 499 வீடுகளின் பேச்சையும் கெடுக்கிறது. தொழில்நுட்பர்கள் வீடு வீடாக ஏறி முனைகளைத் திருகிப் பார்த்ததன் காரணம் இதுவே. நம்மை நோக்கி வரும் திசையில் 256 நிலைகளைப் பயன்படுத்தும் மோடெம், எதிர்த்திசையில் தொடக்க ஆண்டுகளில் 4 அல்லது 16 நிலைகளோடு நிறுத்திக்கொண்டதும் இதனால்தான். சந்தடி மிகுந்த இடத்தில் நுணுக்கமாகப் பேசினால் கேட்காது. சில சொற்களை உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், யார் எப்போது பேசுவது என்பது. ஆசிரியர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்யுங்கள். ஆசிரியர் பேசுவது எல்லா மாணவர்களுக்கும் கேட்கிறது. மாணவர் பேசுவது ஆசிரியருக்கு மட்டும் கேட்கிறது. ஒரு மாணவர் பேசுவது மற்றொரு மாணவருக்குக் கேட்பதே இல்லை. கம்பிவடத்தின் கிளைப்பெட்டிகள் அப்படி அமைந்தவை. ஒரு வீட்டு மோடெத்தின் குரல் வேரை நோக்கியே செல்லும், பக்கத்து வீட்டை எட்டாது. 'அவர் முடிக்கட்டும், நான் பேசுகிறேன்' என்று காத்திருக்கும் நாகரிகம் அங்கே இயலாது. அவர் பேசுவதே தெரியாதே. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஆசிரியருக்கு இரண்டும் கேட்காது.

ஆகவே முழு அதிகாரமும் தலைமை நிலையக் கருவியிடம் விடப்பட்டது. அது காலத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டுகிறது. துண்டின் அடிப்படை அளவு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஆறேகால் பங்கு. சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஒருமுறை, 'இந்தத் துண்டு இன்ன வீட்டுக்கு, அடுத்த நான்கு துண்டுகள் இன்ன வீட்டுக்கு' என்று ஒரு கால அட்டவணையை எல்லாருக்கும் அறிவிக்கிறது. அட்டவணையில் சில துண்டுகள் பொதுவாக விடப்பட்டிருக்கும். பேச விரும்பும் மோடெம் அப்பொதுத் துண்டில் கை உயர்த்த வேண்டும். அதாவது, 'எனக்கு இத்தனை துண்டுகள் வேண்டும்' என்று ஒரு சிறு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அடுத்து வரும் அட்டவணையில் அதற்கு இடம் கிடைக்கும். இரு வீடுகள் ஒரே துண்டில் கை உயர்த்தினால் இரண்டும் வீண். இரண்டுக்கும் மறுமொழி வராது. அப்போது ஒவ்வொன்றும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைத் தேர்ந்து அத்தனை வாய்ப்புகளை விட்டுவிட்டு மீண்டும் முயல்கிறது. மறுபடியும் மோதினால், தேரும் எண்ணின் வரம்பு இரட்டிக்கிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் இப்படி விண்ணப்பித்து, உத்தரவு பெற்று, தன் முறை வரும்போது புறப்படுகிறது.

முறை வரும்போது புறப்படுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒளியிழையில் ஒரு கிலோமீட்டர் கடக்க ஒளிக்கு நொடியின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு நேரம் ஆகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் குரல் பத்துப் பங்கு தாமதமாக வரும். ஒரு துண்டின் அளவையே அது தாண்டிவிடும். எனவே மோடெத்துக்கு மின்சாரம் கொடுத்தவுடன், தலைமை நிலையம் அதனைக் கூப்பிட்டு, மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, 'நீ இவ்வளவு முந்திப் பேசு. இன்னும் சற்று உரக்கப் பேசு' என்று திருத்துகிறது. தொலைவிலிருப்பவர் உரக்கவும் அருகிலிருப்பவர் மெல்லவும் பேசி, எல்லாருடைய குரலும் ஒரே அளவில், ஒட்டாமலும் மோதாமலும் வரிசையாக வந்து சேர வேண்டும். இத்திருத்தம் ஒருமுறை செய்து முடிப்பதன்று. வெயிலேறினால் கம்பியின் தன்மை மாறும். அதனால் அதிகம் போனால் முப்பது நொடிக்கு ஒருமுறை அளவை நடந்துகொண்டே இருக்கிறது. மோடெத்தின் முகப்பில் ஒரு விளக்கு நெடுநேரம் மினுக்கிப் பிறகு நிலையாக எரியத் தொடங்குவதைப் பார்த்துப் பொறுமை இழந்தோர் பலர். அம்மினுக்கலின்போது நடந்தவற்றுள் இந்த உரையாடலும் ஒன்று.

அளவை முடிந்தபின் மோடெம் தன் முகவரியைப் பெற்று, ஒரு சிறிய கோப்பைத் தலைமை நிலையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. அந்தக் கோப்பில்தான் உங்கள் வேகம் எழுதப்பட்டிருக்கிறது. மாதம் இருபது வெள்ளி கூடுதலாகக் கொடுத்து விரைவான திட்டத்துக்கு மாறினால், பெரும்பாலும் யாரும் வந்து கம்பியை மாற்றுவதில்லை. கோப்பில் ஓர் எண் மாறுகிறது, அவ்வளவே. அண்டை வீட்டாருக்கும் உங்களுக்கும் கம்பியும் ஒன்று, அலையும் ஒன்று. உங்களுக்கு வரும் பிட்டுகள் அவர் வீட்டு மோடெத்தையும் தொட்டே செல்கின்றன. மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதாலேயே அவரால் படிக்க இயலுவதில்லை.

கம்பி பொது என்பதிலிருந்து மாலைநேரத் தளர்ச்சியும் விளைகிறது. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 50 மெகாபிட் கொள்ளளவுள்ள ஒரு தட்டை 200 வீடுகள் பகிர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 மெகாபிட் திட்டம். விற்றது 2,000 மெகாபிட், இருப்பது 50. ஏமாற்று என்று தோன்றுகிறது. ஆனால் பக்கத்தை இறக்கிவிட்டு வாசிக்கிற மனிதர், வாசிக்கும் நேரம் முழுதும் கம்பியைத் தொடுவதில்லை. இருநூறு பேரில் ஒரே நொடியில் இறக்குவோர் நான்கைந்து பேராக இருந்தால், ஒவ்வொருவருக்கும் பத்துக் கிடைத்துவிடும். நூலகத்தில் உறுப்பினர் எண்ணிக்கைக்கு நிகராக நாற்காலிகள் போடுவதில்லை அல்லவா? தேர்வுக்கு முந்திய வாரம் வரும்வரை அக்கணக்குச் சரியாகவே இருக்கும். இணையத்தில் தேர்வுக்கு முந்திய வாரம் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு வந்தது, குறிப்பாகத் தொடர்ச்சியாக ஓடும் காணொளி பரவிய பிறகு.

நிறுவனங்களுக்கு இதற்கு இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, கணுவைப் பிளப்பது. ஆயிரம் வீட்டுக்கு ஒன்றாக இருந்ததை ஐந்நூறுக்கு ஒன்றாக்கினால் ஒவ்வொருவர் பங்கும் இரட்டிக்கும். மற்றொன்று, பல தட்டுகளை ஒரே வீடு ஒருசேரப் பயன்படுத்தும் முறை. இதை 2006-இல் வந்த மூன்றாம் டாக்சிஸ் விதிமுறை பொதுவாக்கியது. அவ்வழியில், 2007 வாக்கிலேயே சிங்கப்பூரில் நொடிக்கு 100 மெகாபிட் கம்பிவட இணையம் விற்பனைக்கு வந்துவிட்டது. விளம்பரத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் 'வரை' என்றொரு சிறு சொல் நின்றது. அச்சொல்லின் பொருளை அறிய நம் பயனீட்டாளருக்கு ஒரு வழி 2012-இல் பிறந்தது. உச்ச வேகத்தை மட்டும் சொன்னால் போதாது, வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் வெளியிட வேண்டும் என்று அரசின் தகவல்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களைப் பணித்தது. எண்ணைப் படிக்கத் தெரிந்த குடிமக்களுக்கு இது பெரிய உதவி. எத்தனை பேர் அதைப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பது வேறு செய்தி.

இருபது ஆண்டுகள் இந்த ஏற்றத்தாழ்வை யாரும் பெரிதாகக் குறை கூறவில்லை. வீடு என்பது பார்க்கும் இடம், படிக்கும் இடம், வாங்கும் இடம் என்றே எல்லாரும் கருதினர். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2015-இல் அகன்ற அலைவரிசைக்கு வகுத்த இலக்கணமே, வருவதற்கு 25 மெகாபிட், போவதற்கு 3 மெகாபிட் என்பதுதான். பிறகு 2020 வந்தது. இங்கே ஏப்ரல் 8 முதல் எல்லா மாணவர்களும் வீட்டிலிருந்தே கற்கும் நிலை ஏற்பட்டது. உலகெங்கும் அதே நிலை. கேட்டுக்கொண்டிருந்த வீடு பேசத் தொடங்கியது. ஒரே வீட்டில் அக்காளுக்கு ஒரு வகுப்பு, தம்பிக்கு ஒரு வகுப்பு, தந்தைக்கு அலுவலகக் கூட்டம். மூன்று முகங்கள், மூன்று குரல்கள், எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒடுங்கிய அடித்தட்டை நோக்கி. சிங்கப்பூரில் அதற்குள் ஒளியிழை வந்துவிட்டிருந்தது நம் நல்லூழ். கம்பிவடத்தையே நம்பியிருந்த நாடுகளில், ஆசிரியரின் முகம் தெளிவாகத் தெரிய, மாணவரின் விடை மட்டும் ஆசிரியரைச் சென்றடையாத வகுப்புகள் நடந்தன. வாய்திறந்து பழக வேண்டிய மொழி வகுப்புக்கு இதைவிடப் பெரிய இடையூறு இருக்க முடியாது. அமெரிக்க ஆணையம் தன் இலக்கணத்தை 2024-இல் 100-க்கு 20 என்று திருத்திக்கொண்டது.

பதிவேற்றத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏனெனில் இது ஒளியிழை வீட்டிலும் நேரக்கூடியது. முற்காலத்து மோடெம் ஒன்றில் 256 கிலோபைட் அளவுக்குப் பொதிகள் காத்திருக்க ஒரு தேக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட். நிழற்படக் கோப்பு ஒன்றை நீங்கள் ஏற்றத் தொடங்கியதும் தேக்கம் நிரம்பிவிடும். அதற்குப் பின் வரும் குரல், வரிசையின் கடைசியில் நின்று ஏறத்தாழ இரண்டு நொடி காத்திருந்தே வெளியேறும். வேகத்தை அளக்கும் செயலியோ '1 மெகாபிட், குறைவில்லை' என்றே காட்டும். வேகமும் தாமதமும் வெவ்வேறு என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம். 2013-இல் வந்த டாக்சிஸ் 3.1, தேக்கம் முழுதும் நிரம்புமுன்பே சில பொதிகளை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்பும் கணினிக்கு 'சற்றுப் பொறு' என்று உணர்த்தும் முறையை மோடெங்களுக்குக் கட்டாயமாக்கியது. வீட்டில் நாம் செய்யக்கூடியது இதைவிட எளிது: பிள்ளை பேசும் நேரத்தில் கைப்பேசிப் படங்கள் தாமாகவே மேகக்கணிமைக்கு ஏறுவதை நிறுத்திவைப்பது.

ஒளியிழை வந்ததும் பகிர்வு ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இந்நாட்டு வீடுகளுக்குப் பெரும்பாலும் வந்திருப்பது, ஓர் இழையைக் கண்ணாடிப் பிரிப்பான் கொண்டு பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை. அதன் பரவலான வகையில், வருவதற்கு நொடிக்கு 2,488 மெகாபிட், போவதற்கு 1,244. இரண்டுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்றோடு ஒப்பிட்டால் மிக நேர்மையான பங்கீடு. மின்னிரைச்சல் கண்ணாடிக்குள் புகாது என்பதும் பேருதவி. ஆனால் எல்லாருக்கும் வருவது எல்லா வீட்டு முனைக்கும் வருகிறது, மறையாக்கமே காக்கிறது. தொலைவு அளக்கப்படுகிறது. விண்ணப்பமும் உத்தரவும் கால அட்டவணையும் அப்படியே இருக்கின்றன. அந்த வகுப்பறை ஒழுங்கை முதலில் இலட்சக்கணக்கான வீடுகளில் நடத்திக்காட்டியது கம்பிவடம். எனவே இணைப்பு வாங்கும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்களும் மாறவில்லை: வருவது எவ்வளவு என்பதோடு, போவது எவ்வளவு? வழக்கமாக இரவு எட்டு மணிக்குக் கிடைப்பது எவ்வளவு?

கம்பிவடத்தைக் கைவிடாத நாடுகளில் இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன். போகும் திசைக்கான எல்லையை 65-இலிருந்து 204 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த டாக்சிஸ் 3.1 இடந்தந்தது. நான்காம் விதிமுறை 684 மெகாஹெர்ட்ஸ்வரை செல்ல இசைகிறது. அதன் ஒரு வகையில், ஒரே அலைவெண்ணில் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசலாம். கணு தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துவிட்டு வீட்டின் குரலைக் கேட்கும். இதற்காகத் தெருவிலுள்ள ஒவ்வொரு பெருக்கியையும் திறந்து, எழுபது ஆண்டுகளுக்குமுன் தொலைக்காட்சிக்காக வகுத்த எல்லையைக் காக்கும் வடிகட்டிகளைக் கழற்றி மாற்ற வேண்டும். தொழில்நுட்பர்கள் இன்று ஏணியோடு தெருத் தெருவாகச் சென்று அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.